ஜான் ஆபிரகாம் (இயக்குனர்)

ஜான் ஆபிரகாம் (ஆகஸ்ட் 11, 1937 – மே 31, 1987) கேரளத்தைச் சேர்ந்த திரைப்பட இயக்குனர். மலையாளத்திலும் தமிழிலுமாக நான்கு முழுநீளப் படங்களை மட்டுமே இயக்கினார். பொதுமக்களிடம் சிறு தொகைகளாகப் பணம் திரட்டிப் படமெடுக்கவும், எடுத்த படத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்று திரையிடவும் கோழிக்கோட்டில் ஒடெசா கூட்டியக்கத்தை நிறுவியவர்களுள் முதன்மையானவர்.

வாழ்க்கைக் குறிப்பு

குட்டநாட்டுப் பகுதியில் பிறந்தார். பட்டப்படிப்பை முடித்தபின் பெல்லாரியில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் பணியாற்றினார். திரைப்பட ஆர்வத்தால் அவ்வேலையைத் துறந்து புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு ஆசிரியராக இருந்த ரித்விக் கட்டக்கின் தாக்கம் இவரிடம் இறுதிவரை இருந்தது. மணி கவுலின் உஸ்கி ரோட்டி (1969) படத்தில் உதவியாளராகப் பணிபுரிந்தார். முதற்படமான வித்யார்த்திகளே இதிலே இதிலே 1972 இல் வெளியானது.

அக்கிரகாரத்தில் கழுதை

1977 இல் தமிழில் எடுத்த படம் இது. திரைநாடகத்தை எழுதியவர் விமர்சகர் வெங்கட் சாமிநாதன். இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் பேராசிரியராக நடித்தார். தாயை இழந்த கழுதைக் குட்டி ஒன்றைப் பேராசிரியர் தம் ஊர் அக்கிரகாரத்தில் விட்டுச் செல்கிறார். வாய்பேச இயலாத பெண் ஒருத்தி அதைப் பேணுகிறாள். கோயில் முன் கிடந்த இறந்த சிசுவுக்குக் கழுதையே காரணம் என்று கூறி ஊரார் அதைக் கொல்கின்றனர். பின்னர் அதே ஊரார் அதற்குக் கோயில் கட்ட முனைகின்றனர். 1977 ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தும், தமிழ்நாட்டில் படம் பரவலாகத் திரையிடப்படவில்லை. 1989 இல் தூர்தர்ஷன் அறிவித்திருந்த ஒளிபரப்பும் கைவிடப்பட்டது. விருது பெற்ற படத்தையும் காண வழியில்லை என்ற நிலை, படைப்பைப் போலவே விநியோகமும் வணிகர் கையிலிருந்து விடுபட வேண்டும் என்பதற்குத் தக்க சான்று.

ஒடெசா

செறியாச்சன்டெ குரூரகிருத்யங்கள் (1979) படத்துக்குப் பின் சில ஆண்டுகள் இவர் முழுநீளப் படம் எடுக்கவில்லை. 1984 இல் நண்பர்களுடன் ஒடெசாவைத் தொடங்கினார். ஐசன்ஸ்டைனின் போர்க்கப்பல் பொட்டம்கின் படத்தில் வரும் துறைமுக நகரின் பெயர் அது. இயக்கத்தினர் திரைக்கருவியுடன் கேரளக் கிராமங்களுக்குச் சென்று சாப்ளினின் தி கிட் போன்ற படங்களைக் காட்டினர்; பார்த்தவர்கள் இயன்றதை அளித்தனர். வீடு வீடாகவும் பணம் திரட்டப்பட்டது. தயாரிப்பாளர் என்று தனியொருவர் இல்லாததால், பணம் கொடுத்த எவரும் படத்தின் போக்கைக் கட்டுப்படுத்த இயலவில்லை.

இவ்வாறு உருவானது அம்ம அறியான் (1986). தில்லிக்குப் புறப்பட்ட இளைஞன் புருஷன், வழியில் காணும் ஒரு பிணம் தனக்குத் தெரிந்த தபேலாக் கலைஞனுடையது என அறிகிறான். செய்தியை அவன் தாயிடம் கூற வயநாட்டிலிருந்து கொச்சி நோக்கிப் பயணிக்கிறான். வழியில் நண்பர்கள் ஒவ்வொருவராகச் சேர்கின்றனர். கருப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட இப்படத்தில் உண்மைப் போராட்டங்களின் காட்சிகளும் இடம்பெறுகின்றன. வேணு ஒளிப்பதிவையும் பீனா பால் படத்தொகுப்பையும் மேற்கொண்டனர். 34 ஆவது தேசிய விருதுகளில் ஜானுக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது வழங்கப்பட்டது.

மறைவு

1987 மே மாத இறுதியில் கோழிக்கோட்டில் ஒரு கட்டிடத்தின் மேல்தளத்திலிருந்து தவறி விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 49. அவரது குடிப்பழக்கத்தையும் நாடோடி வாழ்க்கையையும் பற்றிய கதைகள் படங்களையே மறைக்குமளவு பெருகிவிட்டன. ஒடெசா அவருக்குப் பின்னும் ஊர்த் திரையிடல்களையும் ஆவணப்படங்களையும் தொடர்ந்தது.