தூளியில் வந்த பாட்டி

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை. இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பஸ்ஸிலேயே மேலே போய்விடலாம்.

சுமார் 50 ஆண்டுகளுக்கு முன்பு, இந்தப் பகுதி மலைப் பாதைகளில் ஒரு தூளி வரும். மலைவாசிகள் அதைச் சுமந்து வருவார்கள். தூளிக்குள் இருந்தது குழந்தை அல்ல. 93 வயதுப் பாட்டி! அதுவும் வெள்ளைக்காரப் பாட்டி!

யார் அவர்? ரத்த சொந்தம் ஒன்றும் இல்லாத ஊரில், அவரை ஏன் ஊர் ஊராகச் சுமந்தார்கள்?

லண்டன் சீமாட்டி

அவர் பெயர் ஈவ்லின். 1879-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். வசதியான வியாபாரியின் மகள். ஓவியம் கற்றவர். கிறிஸ்தவ ஊழியம் செய்வதற்காக இந்தியா வந்தார். 1913-ல் ஜெஸ்ஸி பிராண்ட் என்பவரை மணந்தார். கல்யாணம் ஆனதும் புருஷனும் பெண்சாதியுமாகக் கொல்லிமலை ஏறினார்கள்.

அப்போது சாலை கிடையாது. ஆஸ்பத்திரி கிடையாது. மலேரியாக் காய்ச்சல் மட்டும் நிறைய இருந்தது!

ஜெஸ்ஸி கொஞ்சம் வைத்தியம் படித்திருந்தார். வீடு கட்டவும் தெரிந்தவர். புண்ணுக்கு மருந்து போட்டார். சொத்தைப் பல்லைப் பிடுங்கினார். காலில் புகுந்த நரம்புச் சிலந்திப் புழுவை மெதுவாகச் சுற்றி வெளியே எடுத்தார். மருந்துக்காக ஜனங்கள் வந்தார்கள். மற்ற நேரங்களில் எட்டவே நின்றார்கள்.

கஞ்சி கொடுத்த கை

1918-ல் உலகத்தையே ஒரு விஷக் காய்ச்சல் உலுக்கியது. மலைக்கும் அது வந்தது. வீட்டுக்கு வீடு ஆட்கள் படுத்தார்கள். தம்பதிகள் இருவரும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள்.

ஒரு கோவில் பூசாரியும் காய்ச்சலில் விழுந்தார். சாகும் தறுவாயில், தன் கைக்குழந்தையை இவர்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார். எட்ட நின்ற ஜனங்கள் அதன் பிறகு கிட்டே வந்தார்கள்.

ஈவ்லினுக்கும் பால், கோனி என்று இரண்டு குழந்தைகள். 1923-ல் அவர்களைப் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டார்கள். அப்போது பாலுக்கு வயது 9. பெற்றோர் மலையில் இருந்து வாரந்தோறும் கடிதம் எழுதினார்கள்.

சாய்ந்த தூண்

1929-ம் ஆண்டு ஜூன் மாதம். ஜெஸ்ஸி படுத்தார். கருநீர்க் காய்ச்சல்! மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப் போகும் கொடிய நோய் அது. ஜெஸ்ஸி இறந்தார். வயது 44 தான்.

இங்கிலாந்தில் இருந்த பிள்ளைகளுக்குத் தந்தி போனது. தந்தி கிடைத்த பிறகு, அப்பா கடைசியாக எழுதிய கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தது. என்ன கொடுமை!

ஒரே தூணில் நின்ற வீடு, தூண் சாய்ந்தால் என்ன ஆகும்? ஈவ்லின் அப்படித்தான் ஆனார். பிறகு அவர் இங்கிலாந்து போனபோது, மகன் அம்மாவைப் பார்த்துத் திகைத்தான். உடல் வளைந்து, கிழவியாகி இருந்தார்.

அங்கேயே இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் திரும்பி வந்தார். தன்னைத் தேடுகிற ஜனங்கள் எங்கே இருக்கிறார்களோ, அங்கேதான் தன் மனம் ஆறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு வருடம் கேட்டார்

சங்கத்தார் அவரைச் சமவெளியில் வேலை செய்ய வைத்தார்கள். மனம் மட்டும் மலையில் இருந்தது. 70 வயதை நெருங்கியபோது ஓய்வு பெறச் சொன்னார்கள். மலையில் ஒரே ஒரு வருடம் இருக்க விடுங்கள் என்று கெஞ்சினார். சம்மதித்தார்கள்.

வருடம் முடிந்தது. அவர் ஊருக்குக் கிளம்பினாரா? இல்லை! சங்கத்தில் இருந்து விலகிவிட்டு, மலையிலேயே தங்கிவிட்டார்!

மட்டக் குதிரை ஏறி, கல்வராயன் மலை, பச்சைமலை என்று பக்கத்து மலைகளுக்கும் போனார். நோயாளிக்கு மருந்து கொடுத்தார். அனாதைக் குழந்தைகளை வளர்த்தார். இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி கூட வைத்துக்கொள்ளவில்லை.

75-வது வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மலை ஆட்கள் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள். மகன் பால் பிராண்ட் அப்போது வேலூரில் டாக்டர். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை ஆபரேஷன் மூலம் நிமிர்த்திப் பேர் பெற்றவர். இனிமேல் மலை வேண்டாம் என்று அவர் அம்மாவிடம் மன்றாடினார். பாட்டி கேட்கவில்லை. எழுந்து நடக்க முடிந்ததும் மலைக்கே போனார்.

93 வயதில் அடிக்கடி குதிரையில் இருந்து விழுந்தார். அரை மனதோடு சவாரியை விட்டார். அப்போதுதான் ஜனங்கள் தூளி கட்டினார்கள்.

1974 டிசம்பரில், 95-வது வயதில் பாட்டி இறந்தார். அவர் விரும்பியபடி, சவப்பெட்டி இல்லாமல், பழைய துணியில் சுற்றிப் புதைத்தார்கள். கொல்லிமலையில், கணவரின் பக்கத்திலேயே!

நமக்கும் தூளி வேண்டும்

துக்கம் எல்லா வீட்டுக்கும் வரும். அந்த நாளில் தாங்குவதற்கு நாலு பேர் வேண்டும். திடீரென்று தேடினால் கிடைப்பார்களா? பாட்டியின் தூளி ஒரே நாளில் கட்டியது அல்ல. 1918-ல் கொடுத்த கஞ்சியில் இருந்து அது இழை இழையாக முறுக்கேறியது.

இன்னொன்றும் கவனியுங்கள். பிறரைத் தூக்கி விட்ட பாட்டி, தன்னைப் பிறர் தூக்கும்போது வெட்கப்படவில்லை. நம்மில் பலருக்கு உதவி செய்யத் தெரியும். உதவி கேட்க வாய் வராது. இரண்டும் தெரிந்தால்தான் உறவு நிற்கும்.

உங்கள் தெருவிலும் துணையை இழந்து தனியே இருக்கும் அம்மாளோ பெரியவரோ இருப்பார். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்!