மை வாங்கப் போனவரைக் கப்பல் ஊருக்கு இழுத்துச் சென்ற கதை

ஸ்ரீவிஜயம் என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு முதலில் ராஜேந்திர சோழன்தான் நினைவுக்கு வருவார். 1025-ஆம் ஆண்டு கடற்படையை அனுப்பி ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் வென்றவர் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். ஆனால் அதற்கு ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சீனத் துறவி அதே நாட்டில் மூன்று முறை கரையிறங்கினார். அவரிடம் படையும் இல்லை, விற்பதற்குச் சரக்கும் இல்லை. அவர் பெயர் யிஜிங். பழைய நூல்களில் இ-சிங் என்று இருக்கும்.

வரலாறு படிக்கும் மாணவன் என்ற முறையில் அவருடைய பயண நூலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். ஜப்பானிய அறிஞர் தக்காகுசு 1896-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு அது. படிக்கும்போது ஒரு கேள்வி விடாமல் தொடர்ந்தது. சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் ஒருவர் ஏன் அயல்நாட்டுக்கு மறுபடி கப்பல் ஏறுகிறார்? வெளிநாட்டில் படிக்கும் என் நண்பர்கள் விடுமுறை முடிந்து புறப்படும்போது உறவினர்கள் கேட்பதும் இதைத்தானே: இங்கே இல்லாதது அங்கே என்ன இருக்கிறது?

யிஜிங் 635-ஆம் ஆண்டு வட சீனாவில் பிறந்தார். சிறுவயதிலேயே மடத்தில் சேர்ந்தார். பௌத்தத் துறவிகளுக்கான ஒழுக்க விதிகளைச் சீனாவில் ஆளுக்கொரு விதமாகப் பின்பற்றுவதைக் கண்டார். மூல நூல்களை இந்தியாவுக்கே போய்ப் படிக்க வேண்டும் என்று இளமையிலேயே முடிவு செய்தார். உடன் வருவதாகச் சொன்ன நண்பர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். 671-இல் குவாங்சோ துறைமுகத்தில் பாரசீகக் கப்பல் ஒன்றில் ஏறியபோது அவருக்கு வயது 36. துணைக்கு ஓர் இளம் சீடர் மட்டுமே வந்தார்.

இருபது நாள்களுக்குள் கப்பல் ஸ்ரீவிஜயத்தை அடைந்தது. இன்றைய சுமத்ராவின் பலெம்பாங் பகுதிதான் அந்நாட்டின் தலைநகரம். அங்கு ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் கற்றார். உடன் வந்த சீடர் நோயுற்று ஊர் திரும்பிவிட்டார். அரசர் உதவி செய்ய, யிஜிங் மலாயு சென்று இரண்டு மாதம் தங்கினார். பிறகு நம் கெடாவுக்கு வந்தார். பூஜாங் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்க்கப் போகும் மாணவர்கள் இதை நினைவில் கொள்ளலாம். அந்தக் கரையிலிருந்து ஒரு மாணவர் 1,300 ஆண்டுகளுக்கு முன்பே மேற்படிப்புக்குக் கப்பல் ஏறியிருக்கிறார். இன்னொரு சீனத் துறவி கெடாவிலிருந்து முப்பது நாளில் நாகப்பட்டினம் சேர்ந்ததையும் யிஜிங்தான் எழுதி வைத்தார்.

கெடாவிலிருந்து வடக்கே போகும் வழியில், ஆடை அணியாத மக்கள் வாழும் தீவுகளைப் பார்த்தார். அவை நிக்கோபார் தீவுகள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. சோழர் கல்வெட்டில் வரும் நக்கவாரமும் அதுதான். படகுகளில் வந்த தீவு மக்களுக்கு இரும்பின் மீதே ஆசை. இரண்டு விரல் அளவு இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் வரை கிடைத்ததாம்.

673-இல் வங்காளக் கரையிலிருந்த தாமிரலிப்தியில் இறங்கினார். நாலந்தாவை நோக்கி நடந்தபோது நோய் தாக்கியது. கூட்டம் முன்னே போய்விட, தனியே பின்தங்கிய அவரைக் கொள்ளையர் வழிமறித்து உடைகளைப் பறித்தனர். உடலில் சேற்றைப் பூசி, இலைகளால் மறைத்துக்கொண்டு நடந்து தப்பினார். நாலந்தாவில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் படித்தார். நூல்களைச் சேர்த்துக்கொண்டு 685 வாக்கில் இந்தியாவிலிருந்து புறப்பட்டார்.

அவர் நேராகச் சீனாவுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஸ்ரீவிஜயத்தில் இறங்கி, கொண்டுவந்த நூல்களை மொழிபெயர்க்க உட்கார்ந்துவிட்டார். அதற்கான காரணம் அவருடைய எழுத்திலேயே கிடைக்கிறது. அந்நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துறவிகள் இருந்தார்கள். கற்பித்த பாடங்களும் நடைமுறைகளும் இந்தியாவில் இருந்தவை போலவே இருந்தன. சாக்கியகீர்த்தி போன்ற பெரிய ஆசிரியரும் அங்கே இருந்தார். சமஸ்கிருதத்தில் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருந்தது. இந்தியா செல்லும் சீனத் துறவிகள் முதலில் அங்கே ஓரிரு ஆண்டுகள் தங்கிப் பழகிவிட்டுப் போவது நல்லது என்று அவர் அறிவுரையும் எழுதினார். இன்றைய பேச்சில் சொன்னால், நாலந்தாவுக்கான புகுமுக வகுப்பு பலெம்பாங்கில் நடந்தது.

ஆனால் அங்கே ஒரு குறை இருந்தது. எழுதத் தாளும் மையும் போதவில்லை. படியெடுக்க ஆள்களும் இல்லை. 689-இல் இவற்றைக் கேட்டுச் சீனாவுக்குக் கடிதம் அனுப்ப ஆற்றுமுகத்தில் நின்ற வணிகக் கப்பலுக்குப் போனார். அந்த நேரம் பார்த்துக் காற்று சாதகமாக வீசியது. பாய்கள் விரிந்தன. அவர் இறங்குவதற்குள் கப்பல் புறப்பட்டுவிட்டது! கடிதம் கொடுக்கப் போனவர் தாமே குவாங்சோவில் போய் இறங்கினார்.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு தாய்நாட்டு மண். பேசும் மொழி சொந்த மொழி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இத்தனை இடர்களுக்குப் பிறகு அங்கேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இந்தியாவில் சேர்த்த அத்தனை நூல்களும் ஸ்ரீவிஜயத்தில் இருந்தன. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுலோகங்கள் கொண்ட அந்தக் குவியலை அவர் வராவிட்டால் சீனாவுக்குக் கொண்டுசேர்க்க ஆளில்லை. குவாங்சோ துறவிகளிடம் நிலைமையை எடுத்துச் சொன்னார். உதவிக்கு நான்கு பேர் கிடைத்தனர். சில மாதங்கள் கடந்ததும் அவர்களோடு மறுபடி கப்பல் ஏறினார். இது அவருடைய மூன்றாவது வருகை.

அந்தக் காலத்தில் அப்படிக் கப்பல் ஏறுவது எவ்வளவு பெரிய துணிவு என்பதை அவருடைய இன்னொரு நூல் காட்டுகிறது. மேற்கே படிக்கப் போன ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவிகளின் வாழ்க்கைக் குறிப்புகள் அதில் உள்ளன. பலர் நோயில் இறந்தார்கள். சிலர் கடலில் போனார்கள். சாங்மின் என்ற துறவியின் கப்பல் மூழ்கியபோது சிறு படகில் ஏறச் சொல்லி அழைத்தார்கள். மற்றவர்களைக் காப்பாற்றுங்கள் என்று மறுத்துவிட்டுக் கப்பலோடு மூழ்கினார். இவற்றையெல்லாம் நன்கு அறிந்தவர்தான் யிஜிங்.

வேலைக்கு நடுவிலும் அந்த நாட்டை அவர் கண் திறந்து பார்த்தார். ஆண்டில் இருமுறை நண்பகலில் அங்கே மனிதனின் நிழல் தரையில் விழாது என்று குறித்திருக்கிறார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நாமும் மார்ச், செப்டம்பர் மாதங்களில் இதைக் காணலாம். பள்ளித் திடலில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள்.

692-இல் தம் இரு நூல்களையும் ஒரு துறவியிடம் கொடுத்து முதலில் சீனாவுக்கு அனுப்பினார். 695-இல் ஏறத்தாழ 400 நூல்களுடன் தாமும் லுவோயாங் நகருக்குத் திரும்பினார். பேரரசி வூ நேரில் வந்து வரவேற்றார். அதன் பிறகு அவர் ஸ்ரீவிஜயத்துக்குப் போகவே இல்லை. 713-இல் மறையும் வரை மொழிபெயர்ப்பே அவர் வாழ்க்கை. 56 நூல்கள், 230 தொகுதிகள் முடித்தார்.

ஒரு நாட்டின் மீது கொண்ட பிரியத்தை இன்று நாம் கடற்கரைப் படங்களையும் உணவுப் படங்களையும் வைத்து அளக்கிறோம். யிஜிங்கைப் பிடித்திழுத்தது வேறு. அவருக்குத் தெரியாததைச் சொல்லித்தர அங்கே ஆள் இருந்தது. அவர் தொடங்கிய வேலை அங்கே பாதியில் கிடந்தது. தாய்நாட்டை மறந்து அவர் கப்பல் ஏறவில்லை. தாய்நாட்டுக்கு வெறுங்கையோடு திரும்ப மனம் வராததால்தான் ஏறினார். வேலை முடிந்ததும் வந்து சேர்ந்தார்.

மேற்படிப்புக்கு வெளியே போக நினைக்கும் நாம் எந்த நாடு என்று முடிவு செய்யும் முன், அங்கே எதைக் கற்று எதை முடிக்கப் போகிறோம் என்று நம்மைக் கேட்டுக்கொள்வோம். அதற்குப் பதில் இருந்தால், ஒரு முறைக்கு மூன்று முறை போனாலும் தவறில்லை.