கண்டிச் சீமையில் றொபேட் நொக்ஸ்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தூரத்தில் எங்கள் அக்குறணை இருக்கின்றது. வாகனத்தில் கடந்து செல்வோர் அதனை ஒரு நீண்ட கடைவீதியாகவே அறிவர். ஆயின், வீதியை விட்டு இறங்கிப் பிங்கா ஓயாவின் பக்கம் நடப்பவருக்கு, எஞ்சியிருக்கும் வயல்களும், கித்துளும் கமுகும் பலாவும் செறிந்த வீட்டுத் தோட்டங்களும் பழைய ஊரை நினைவூட்டும். இவ்வூர் எவ்வாறு தோன்றியது என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம், தலைமுறை தலைமுறையாக வாய்வழியே வந்த ஒரு கதையை நான் சொல்வதுண்டு. இரண்டாம் இராசசிங்கன் ஆட்சியில் அரேபியர் மூவர் கண்டிக்கு வந்தனர். இந்நாட்டுப் பெண்களை மணந்தனர். அக்குறணையில் குடியமர்ந்தனர் என்பதே அக்கதை.

அக்கதையைச் சொல்லி முடிக்குந்தோறும் அதே மன்னன் காலத்தில் கண்டிச் சீமைக்கு வந்த மற்றோர் அந்நியரின் நினைவு எனக்கு வருகின்றது. அவர் விரும்பி வந்தவர் அல்லர், பிடித்துவரப்பட்டவர். பத்தொன்பதரை ஆண்டுகள் இந்நாட்டுச் சோற்றை உண்டும் இந்நாட்டவராக மறுத்தவர். ஆயினும், பதினேழாம் நூற்றாண்டில் நம் மலைநாட்டு உழவன் எப்படி உழுதான், எதை உண்டான், எங்கே உறங்கினான் என்று நாம் அறிய வேண்டின் அவருடைய நூலையே நாட வேண்டியிருக்கின்றது. அவர் பெயர் றொபேட் நொக்ஸ்.

நொக்ஸ் 1641ஆம் ஆண்டில் இலண்டனில் பிறந்தார். தந்தையும் அதே பெயர் கொண்ட கப்பல் தலைவர். பதினான்கு வயதிலேயே தந்தையோடு கடலேறிய மைந்தர், 1658இல் 'ஆன்' என்னும் கப்பலில் இரண்டாம் முறையாகக் கீழைத் திசைக்குப் புறப்பட்டார். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத் துறையில் வீசிய புயலில் கப்பலின் பாய்மரம் பழுதுற்றது. அதனைச் செப்பனிடும் பொருட்டுத் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டனர். கடற்கரை நாடுகளை ஒல்லாந்தரிடம் இழந்துகொண்டிருந்த கண்டி மன்னனுக்கு, சொல்லாமல் வந்து நின்ற இந்த வெள்ளையர் கப்பல் ஐயத்தை ஊட்டியது. 1660 ஏப்ரலில் மன்னனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடன் கரையேறியவர்களையும் பிடித்துக்கொண்டனர். தந்தையும் மகனும் உட்படச் சிறைப்பட்டோர் பதினாறு பேர்.

கப்பலில் எஞ்சியிருந்தோரை எச்சரிக்கும்படி தந்தை மகனை அனுப்பினார். கப்பலில் ஏறிய மைந்தர் அங்கேயே இருந்துவிட்டிருக்கலாம். அவரோ, தந்தையைப் பகைவர் கையில் விட்டுச் செல்ல மனமின்றிக் கரைக்கே மீண்டார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. பின்னாளில் அவர் வாழ்விற் காணப்படும் இருளைச் சொல்லப்போகும் நான், இந்த ஒளியையும் சொல்லாது விடுதல் முறையன்று.

சிறை என்றவுடன் கற்சுவரும் இரும்புக் கதவும் வாசகர் உள்ளத்தில் தோன்றலாம். கண்டி மன்னன் வைத்த சிறை அத்தகையதன்று. சிறைப்பட்டோரைக் கிராமத்துக்கு ஒருவராகவும் இருவராகவும் பிரித்து அனுப்பி, ஊரார் முறைவைத்து உணவளிக்க வேண்டும் என்று கட்டளையிட்டான். மலைகளே மதில்கள், கணவாய்களில் நின்ற காவலரே கதவுகள். உள்ளே நடமாடத் தடையில்லை. நாட்டை விட்டு வெளியேறத்தான் வழியில்லை.

தந்தையும் மகனும் பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் விடப்பட்டனர். அங்கே இருவரையும் குளிர்காய்ச்சல் பற்றியது. 1661 பெப்ரவரியில் தந்தை இறந்தார். காய்ச்சலால் மெலிந்து நிற்கவும் மாட்டாத இளைஞர், தம்முடன் இருந்த பணியாளச் சிறுவன் ஒருவனின் துணையோடு குழி தோண்டித் தந்தையை அடக்கம் செய்தார். அதன்பின் அவருக்கு எஞ்சியவை தனிமையும் ஓரிரு சமய நூல்களுமே. ஒருநாள், போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது தன் கைக்கு வந்த ஆங்கில விவிலியம் ஒன்றை விற்க ஒரு முதியவர் வந்தார். நொக்ஸ் தம் கையாற் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதனைப் பெற்றுக்கொண்டார். அந்நூலே அவருக்குத் தாய்மொழியும் தாய்நாடும் ஆயிற்று.

தொப்பி பின்னுதல் அவருடைய முதல் தொழில். பருத்தி நூலை வாங்கித் தொப்பி பின்னி விற்றார். கிடைத்ததில் கோழியும் பன்றியும் வளர்த்தார். அவருடன் சிறைப்பட்ட மாலுமிகள் பலர் ஈராண்டு மூவாண்டுகளில் மனம் தேறி, இந்நாட்டுப் பெண்களை மணந்து, மது வடித்து விற்றும் சிறுபயிர் செய்தும் குடும்பிகளாயினர். நொக்ஸ் மட்டும் மணம் செய்யவில்லை. மனைவியும் மக்களும் வாய்த்தால் மண்ணில் வேர் இறங்கிவிடும் என்று அவர் அஞ்சினார்.

1664 டிசம்பரில் நிலம்பையில் மன்னனுக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. அது விரைவில் அடங்கியது. அதன்பின் நொக்ஸ் லெகுந்தெனிய என்னும் வறண்ட மலையூருக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்தபோதே, கண்டிக்குத் தெற்கே ஏறக்குறையப் பத்து மைல் தொலைவில், உடுநுவரையிலுள்ள எலதத்த என்னும் ஊரில் ஒரு நிலத்தை விலைக்கு வாங்கினார். விலை 25 லாரின். லாரின் என்பது வெள்ளிக் கம்பியை வளைத்துத் தூண்டில் வடிவாகச் செய்த அக்காலத்து நாணயம். அந்நிலத்தில் வீடு கட்டினார், தென்னை நட்டார், வேலி அடைத்தார். மணமாகாத தோழர் சிலரும் அவருடன் தங்கினர். அவ்வீட்டுக்குப் பெண்களைக் கொண்டுவருதல் கூடாது என்பது அவர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட விதி. சிலர் அவ்விதியைத் துறந்து மணவாழ்வை நாடிச் சென்றனர். இறுதிவரை அவருடன் நின்றவர் ஸ்டீவன் றட்லண்ட் ஒருவரே.

நொக்ஸ் உழவரின் அயலவராக வாழ்ந்தது இந்த எலதத்தவிலேதான். பகைநாட்டில் இருக்கும் ஒருவன் வெறுப்போடு பார்ப்பதைக் காட்டிலும், கடன் கொடுத்து வாங்கும் அயலவன் கூர்ந்து பார்ப்பான். நொக்ஸ் அவ்வாறு பார்த்தார். மலைச்சரிவைச் சில அடி அகலமான படிகளாக வெட்டி, உச்சியிலுள்ள ஊற்று நீரை மேற்படியில் நிறுத்தி, அங்கிருந்து ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கும் நம் வயல் அமைப்பை அவர் வியந்து எழுதினார். ஏர் ஏன் அவ்வளவு சிறியதாகவும் இலேசாகவும் இருக்கின்றது என்பதற்கும் காரணம் கண்டார். அதனைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்புக்கு வரம்பு ஏற வேண்டுமன்றோ!

நெல்வகைகளைப் பற்றி அவர் சொல்வது என்னை மிகவும் கவர்ந்த பகுதி. ஏழு மாதத்தில் விளையும் நெல், ஆறு மாதத்து நெல், ஐந்து, நான்கு, மூன்று மாதத்து நெல் என ஐவகை நெல் அக்காலத்தில் விதைக்கப்பட்டன. நீண்ட நாள் நெல்லே மிகுந்த பலன் தருவது. ஆயின் அதற்கு நீண்ட நாள் நீர் வேண்டும். நீர் குறைந்தவனும் காலந்தாழ்த்தி விதைப்பவனும் குறுகிய நாள் நெல்லைக் கொள்வர். விதைப்பு முன்பின்னாக இருப்பினும் அறுவடை ஒரே காலத்தில் நிகழ்ந்தாக வேண்டும். வயல்வெளி முழுவதற்கும் வேலி ஒன்றே. அறுவடை முடிந்ததும் அதனைத் திறந்து மாடுகளை மேயவிடுவர். ஒருவன் பயிர் மட்டும் பச்சையாக நின்றால் அது மாடுகளுக்கே இரையாகும். ஆதலின், எந்த நெல்லை விதைப்பது என்பதே ஊரவர் அனைவரும் ஒத்து நடத்த வேண்டிய செயலாயிற்று. வயலும் மாடும் நீரும் மனிதரும் ஒன்றோடொன்று பிணைந்திருந்த அவ்வொழுங்கை எந்த அரசாணையும் ஏற்படுத்தவில்லை, ஊரே ஏற்படுத்திக்கொண்டது.

அறுவடைக்கும் ஊர் திரண்டது. இன்று என் வயல், நாளை உன் வயல் என்று மாறி மாறி உழைக்கும் வழக்கம் அது. சிங்களத்தில் அதனை அத்தம் என்பர். வயலுக்குரியவன் வந்தவர்க்கெல்லாம் உணவளிப்பான். ஆடவர் உழுது விதைக்க, மகளிர் களை பறித்தனர். களத்தில் மாடுகளை விட்டுச் சூடு மிதிக்கச் செய்யுமுன் செய்த சடங்குகளையும் நொக்ஸ் குறித்துள்ளார். தன் நிலத்தைத் தானே உழுவது உயர்குடியாளனுக்கும் இழிவன்று. கூலிக்குப் பிறர் நிலத்தை உழுவதே இழிவு எனக் கருதப்பட்டது என்கிறார். கண்டி நாட்டு உழவன் ஒருவனை ஏரிலிருந்து அழைத்துச் சேற்றைக் கழுவிவிட்டால் அவன் நாடாளவும் தகுதியுடையவன் என்னும் கருத்தமைந்த பழமொழி அக்காலத்தில் வழங்கியதையும் பதிந்துள்ளார். உழவரின் பேச்சிலும் நடையிலும் இருந்த பண்பை அவர் அத்துணை உயர்வாக மதித்தார்.

வெயிலுக்கும் மழைக்கும் குடையாகவும், வழிப்போக்கருக்குக் கூடாரமாகவும் விளங்கிய தாளிப்பனை ஓலை. மழைக்காலத்துக் காட்டு வழிகளில் காலைப் பற்றும் அட்டை. கண்டியிலிருந்த சோனகர் பள்ளிக்கு நிலமுடையோர் வீட்டுக்கு ஒரு பணம் கொடுத்த முறை என, அவர் கண்ணுக்குத் தப்பியவை சிலவே. இந்தக் கடைசிச் செய்தியை வாசிக்கையில், எங்கள் அக்குறணைக் கதைக்கு அக்காலச் சூழல் இடங்கொடுத்ததை நான் உணர்கின்றேன்.

நொக்ஸ் குறைகாணாதவர் அல்லர். தம் மதத்தின் கண்ணாடி வழியே பார்த்துப் பிறர் வழிபாட்டை மூடநம்பிக்கை என்றார். மக்கள் பொய் பேசத் தயங்கார் என்றும் எழுதினார். அவர்தாம் செய்ததும் ஆராயத்தக்கது. எலதத்தவில் அவர் நெல்லைக் கடனாகக் கொடுத்து, ஆண்டுக்கு அரைமடங்கு வட்டியோடு திரும்பப் பெற்றார். பத்து மரக்கால் கொடுத்தால் பதினைந்து வாங்குவது அந்நாட்டு வழக்கமே, அவர் புகுத்தியதன்று. ஆயினும் ஊரவர் இட்ட சோற்றில் உயிர் பிழைத்தவர், ஊரவரின் விதைநெல் தட்டுப்பாட்டில் பொருள் ஈட்டினார் என்பதை மறைத்தல் தகாது.

அவ்வாறு ஈட்டியதைக் கொண்டு மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புப் பொருள்கள் முதலியவற்றை வாங்கி, மூட்டை சுமந்து, வடக்கே ஊரூராக விற்றுத் திரிந்தார். காண்போருக்கு அது வியாபாரம். அவருக்கோ அது வழி தேடும் முயற்சி. பல ஆண்டுகள் இவ்வாறு வடதிசைப் பாதைகளை அறிந்துகொண்டபின், 1679 செப்டெம்பர் 22ஆம் நாள் றட்லண்டுடன் புறப்பட்டார். வழியில் ஓர் அதிகாரி வினவியபோது, உலர்ந்த மான் இறைச்சி வாங்க வந்தோம் என்று கூறித் தப்பினர். அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றிக்கொண்டு, யானைகள் உலவும் காட்டினூடே நடந்தனர். வன்னித் தமிழர் நாட்டைத் தாண்டி, அருவி ஆறு என்று தமிழர் வழங்கும் அதே ஆறு கடலோடு கலக்கும் அரிப்பில் ஒல்லாந்தரின் கோட்டையை அடைந்தபோது, நாள் அக்டோபர் 18. பத்தொன்பது வயதில் பிடிபட்டவர் முப்பத்தெட்டு வயதில் விடுபட்டார்.

எலதத்த வீட்டில் ஒரு குழந்தையை விட்டுச் சென்றார். ஆங்கில மாலுமி ஒருவருக்கும் இந்நாட்டுப் பெண்ணுக்கும் பிறந்த லூசியா என்னும் அப்பெண்பிள்ளையை அவர் எடுத்து வளர்த்திருந்தார். தம் நிலத்தையும் வீட்டையும் அவளுக்கே உரிமையாக்கினார். வேர் இறங்கலாகாது என்று அஞ்சியவருக்கும் ஒரு சிறு வேர் இறங்கியே இருந்தது போலும்.

1680இல் இலண்டனை அடைந்தார். கப்பற் பயணத்தின்போதே எழுதிவந்த குறிப்புகளை அறிஞர் றொபேட் ஹுக் ஒழுங்குபடுத்த உதவ, இலங்கைத் தீவின் வரலாறு என்னும் பொருளமைந்த அவருடைய நூல் 1681இல் வெளிவந்தது. நாடு, மன்னன், மக்கள், தம் சிறைவாசம் என நான்கு பாகங்கள் உடையது அது. சில ஆண்டுகளில் ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. 1719இல் டானியல் டீபோ எழுதிய றொபின்சன் குரூசோவுக்கு ஊக்கமளித்த நூல்களுள் இதுவும் ஒன்றெனப் பலர் கருதுவர்.

நூல் வெளிவந்தபின் நொக்ஸ் மீண்டும் கடலேறினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் 'டொங்கின் மேர்ச்சன்ட்' என்னும் கப்பலுக்குத் தலைவரானார். அக்கப்பலில் மடகாஸ்காரில் அடிமைகளை வாங்கி, சென்ற் ஹெலெனாத் தீவுக்குக் கொண்டுசெல்லும் பணியையும் ஏற்றார். இவ்வரியை எழுதும்போது என் கை தயங்குகின்றது. தம் ஊரையும் உறவையும் இழந்து பத்தொன்பது ஆண்டுகள் ஏங்கியவர், பிற மனிதரை ஊரையும் உறவையும் இழக்கச் செய்யும் தொழிலில் எப்படி இறங்கினார்? அக்காலத்து வழக்கம் என்று விடை கூறுதல் எளிது. ஆயின், பிடித்துவந்த அந்நியனுக்கு முறைவைத்துச் சோறிட்ட பண்டார கொஸ்வத்தை உழவனும் அக்காலத்தவனே. துன்பம் எல்லாரையும் இரக்கமுடையவராக ஆக்கிவிடும் என்று நாம் மாணவருக்குச் சொல்லிவருவது முழு உண்மையன்று என்பதை நொக்ஸின் வாழ்வு எனக்குக் கற்பித்தது.

இறுதிவரை மணம் செய்யாமலே வாழ்ந்து 1720 ஜூன் மாதத்தில் அவர் காலமானார். விம்பிள்டனில் அடக்கம் செய்யப்பட்டார். தம் நூலை விரிவாக்க எண்ணி அவர் எழுதிவைத்த கையெழுத்துக் குறிப்புகளும் தன்வரலாறும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் எவர் கண்ணிலும் படாதிருந்து, 1910இல் ஒக்ஸ்போட் நூலகத்திற் கண்டெடுக்கப்பட்டன.

இராசசிங்கன் காலத்தில் இம்மலைநாட்டுக்கு வந்த அந்நியர் இருவகையினர். மண்ணோடு கலந்தோர் ஒருவகை. எங்கள் கதையில் வரும் அரேபியர் மூவரும், நொக்ஸின் கப்பற்றோழர் பலரும் அவ்வகையினர். அவர்கள் ஊராயினர், அவர்களுடைய உழைப்பு நிலத்தில் இருக்கின்றது, பெயர் ஏட்டில் இல்லை. கலவாது நின்ற நொக்ஸின் பெயர் ஏட்டில் இருக்கின்றது. அரண்மனை ஏடுகள் மன்னரையும் போரையும் விகாரைகளையும் பாடின. ஐந்து வகை நெல்லையும் ஒற்றை வேலியையும் எழுதுவதற்கு, ஊர் திரும்ப ஏங்கிய ஒரு கைதி வேண்டியிருந்தார். ஊரிலே பிறந்தவருக்கு அவையெல்லாம் நாள்தோறும் காணும் எளிய செய்திகள். அவற்றை எழுதி என்ன பயன் என்று இருந்துவிட்டனர்.

அந்த எண்ணம் இன்றும் நம்மிடம் இருக்கின்றது. ஆகவே, வகுப்பில் நொக்ஸின் வாழ்வைச் சொல்லி முடிக்கும்போது மாணவரிடம் நான் ஒன்றே கேட்பேன். வீட்டிலிருக்கும் முதியவரிடம் சென்று, நம் வயல்களில் முன்பு என்ன நெல் விளைந்தது, அதன் பெயர் என்ன, எத்தனை மாதத்தில் அறுத்தார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாருங்கள் என்பேன். சிலர் எழுதி வருகின்றனர். அத்தாள்களை நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.