கண்ணம்பாடி கண்ட விசுவேசுவரய்யா

பெங்களூரில் வாழும் தமிழராகிய நாம் நாள்தோறும் பருகுவது காவிரி நீர். நம்முள் பலருடைய முன்னோர் தஞ்சையிலும் திருச்சியிலும் கழனி உழுததும் அந்நீரைக் கொண்டே. ஆதலின், அவ்வாற்றைக் கண்ணம்பாடியில் தேக்க முனைந்த மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவின் வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று.

சிக்கபள்ளாபூரை அடுத்த முத்தேனஹள்ளியில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். சிறுவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பொருளீட்டிக்கொண்டே 1881-இல் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பட்டம் பெற்றார். பூனாவில் பொறியியல் பயின்று, 1884-இல் பம்பாய் அரசின் பணியிற் சேர்ந்தார். பூனாவை அடுத்த கடக்வாசலா அணையில் 1903-இல் அமைந்த தானியங்கு மதகுகள் அவர் புகழை நாடெங்கும் பரப்பின. அணையின் சுவரை உயர்த்தாமலே மிகுதியான நீரைத் தேக்க அவை உதவின. வெள்ளம் உரிய மட்டத்தைக் கடப்பின் அவை தாமே திறக்கும். வடிந்ததும் தாமே மூடிக்கொள்ளும். 1908-இல் மூசியாற்று வெள்ளம் ஐதராபாத்தை அழித்தபின், அந்நகரைக் காக்க அவர் வகுத்த திட்டத்திலிருந்து உசுமான் சாகரும் இமாயத் சாகரும் எழுந்தன.

1909-இல் மைசூரின் தலைமைப் பொறியாளரானார். கோடையில் காவிரி மெலிய, கோலார்த் தங்கச் சுரங்கங்களுக்குச் சிவசமுத்திரத்திலிருந்து சென்ற மின்சாரமும் மெலிந்தது. மண்டியா வட்டாரமோ மழையையே நம்பிக் கிடந்தது. இரண்டிற்கும் ஒரே மருந்தாக அவர் கண்டது கண்ணம்பாடி அணை. 1911-இல் பணி தொடங்கிற்று. சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்த சாந்தால் அதனைக் கட்டினர்.

சென்னை அரசு இதனை எதிர்த்தது. மேலே தேக்கினால் கீழே தஞ்சைக்கு என்னாகும் என்ற அச்சம் வீணன்று என்றே நாம் கருதுகிறோம். 1914-இல் கிரிபின் அளித்த தீர்ப்பை அவ்வரசு ஏற்கவில்லை. 1924-இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. அதன்வழி மேட்டூர் அணையும் 1934-இல் நிறைவெய்தியது. விசுவேசுவரய்யாவோ 1912 முதல் வகித்த திவான் பதவியை 1918-இலேயே துறந்துவிட்டார். பின்தங்கிய வகுப்பினர்க்கு அரசுப் பணியில் இடம் ஒதுக்குவதை அவர் ஏற்காததே காரணம். இதில் நாம் அவருடன் உடன்படோம்.

அணையால் மண்டியா நெல்லும் கரும்பும் விளையும் பூமியாயிற்று. பழைய கண்ணம்பாடி ஊரோ நீருள் மறைந்தது. அதன் வேணுகோபாலர் கோயிலைப் பல்லாண்டுகளுக்குப்பின் கல் கல்லாகப் பெயர்த்துக் கரையில் எழுப்பினர். குடிபெயர்ந்த உழவர் பெயர்களை எந்தக் கல்வெட்டில் தேடுவது?

1955-இல் பாரத ரத்னா பெற்ற அவர் 1962-இல் மறைந்தார். வழக்கு மறையவில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. கருநாடகத்திற்குக் கூடியதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீர்க்கென ஒதுக்கப்பட்டது.