குதிரை வாங்கச் சென்ற அமைச்சர்: மாணிக்கவாசகப் பெருமான் வரலாறு

சைவ சமயக் குரவர் நால்வருள் ஒருவராகிய மாணிக்கவாசகப் பெருமான், மதுரைக்கு அண்மையிலுள்ள திருவாதவூரில் அவதரித்தவர். அவரது காலம் கி.பி. 9ஆம் நூற்றாண்டு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவரது அறிவாற்றலைக் கண்ட அரிமர்த்தன பாண்டியன், அவரை முதலமைச்சராக்கித் தென்னவன் பிரமராயன் என்னும் பட்டமும் சூட்டினான்.

அந்நாளில் அரசரின் படைவலிமை குதிரைகளையே பெரிதும் சார்ந்திருந்தது. தமிழகத்தில் உயர்ந்த குதிரையினம் பெருகாமையால், அவை மரக்கலங்களில் ஏற்றிக் கொணரப்பட்டன. கடல்வழி வந்த குதிரைகளைச் சங்க நூலாகிய பட்டினப்பாலையே குறிப்பிடுகின்றது. பிற்காலத்தில், பாரசீக வரலாற்றாசிரியர் வாசாஃப், கீசுத் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் பாண்டிநாட்டுக் கரைக்கு அனுப்பப்பட்டன என்றும், ஒன்றின் விலை 220 செம்பொன் தினார் என்றும், வழியில் இறந்தவற்றுக்கும் அரசன் விலை கொடுத்தான் என்றும் எழுதினார். வந்திறங்கியவையும் பேணத் தெரிந்தோர் இன்மையால் விரைவில் மடிந்தன என்பார் மார்க்கோ போலோ.

இத்தகைய குதிரைகளை வாங்கவே பெரும்பொருளுடன் அமைச்சர் கீழ்க்கடற்கரை நோக்கிச் சென்றார். வழியில் திருப்பெருந்துறையில், குருந்த மரத்தடியில் குருவாக எழுந்தருளியிருந்த சிவபெருமான் அவரை ஆட்கொண்டார். கொண்டுவந்த பொருள் அனைத்தும் திருப்பணிக்கும் அடியார் தொண்டுக்கும் செலவாயிற்று.

அரசன் பொருள், அமைச்சரின் வாக்கு. இரண்டிற்கும் விடை கூறவேண்டிய நாள் வந்தது. ஆவணி மூலத்தன்று குதிரைகள் வருமென்று இறைவன் அருளியவாறே அவர் அரசனிடம் கூறினார். அந்நாளில் இறைவனே குதிரை வணிகனாகி, நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்குக் கொணர்ந்தார். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, இலாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறின. வெகுண்ட மன்னன் அமைச்சரைச் சுடுவெயிலில் நிறுத்தி வருத்தினான். வைகை பெருக்கெடுத்தது. வந்திக் கிழவிக்காகப் பிட்டுக்கு மண் சுமந்த பெருமான்மீது விழுந்த பிரம்படி எல்லா உயிர்மேலும் பட்டபோதுதான், அமைச்சரின் பெருமையை மன்னன் உணர்ந்தான்.

அதன்பின் பதவி துறந்த அடிகள், தலந்தோறும் பாடித் தில்லையை அடைந்து, ஆனி மகத்தன்று இறைவனோடு இரண்டறக் கலந்தார். திருவாசகமும் திருக்கோவையாரும் எட்டாம் திருமுறையாயின.

பெரும்பொருள் கொடுத்துக் கடல்கடந்து கொணர்ந்த குதிரைகள் மாண்டொழிந்தன. அவற்றை வாங்காது வந்தவரின் வாசகமோ, நம் முன்னோரோடு கப்பலேறி மலாயாவுக்கு வந்தது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் தோட்டத்திலும் இரயில்வேயிலும் உழைத்த அவர்கள், பொருள் அதிகம் கொண்டுவந்தாரல்லர், திருமுறையைக் கொண்டுவந்தனர். மார்கழி விடியலில் நம் திருக்கோயில்களில் ஒலிக்கும் திருவெம்பாவை அதற்குச் சான்று. அச்செல்வத்தை நம் பிள்ளைகளிடம் ஒப்படைப்பது நம் கடமையாகும்.

திருச்சிற்றம்பலம்.