தண்ணியை உள்ளே விட்ட கட்டடக்காரர்

பாரிஸ் ஓபரா அரங்கத்தோட படிக்கட்டையும் தங்க அலங்காரத்தையும் படத்துல பார்த்திருப்பீங்க. நம்மள மாதிரி என்ஜினியரிங் பசங்க பார்க்க வேண்டியது அதோட அடித்தளத்தை!

அதைக் கட்டிய சார்ல் கார்னியே 1825-ல் பாரிஸில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். 1861-ல் நடந்த வடிவமைப்புப் போட்டிக்கு 171 திட்டங்கள் வந்தன. முதல் சுற்றில் அவருக்கு ஐந்தாம் இடம்தான். அடுத்த சுற்றில் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். அப்போ வயசு 35. பெரிய பேரும் கிடையாது.

காட்சித் திரைகளை மேடைக்குக் கீழே இறக்க ஆழமான குழி வேணும். தோண்டினா ஒரே தண்ணி! நீராவி பம்புகள் மாதக்கணக்கில் ராப்பகலா இறைத்தன. நிலத்தடி நீர் ஊறிக்கிட்டே இருந்தது. கடைசியில் அடித்தளத்திலேயே பெரிய கான்கிரீட் தொட்டி கட்டி, தண்ணியை நிரப்பிட்டார் கார்னியே. வெளியிலிருந்து அழுத்தும் நீரை உள்ளே இருக்கும் நீர் சமாளித்தது. தீப்பிடித்தால் அணைக்கவும் அதே தண்ணிதான்.

1870-ல் போர் வந்து வேலை நின்றது. வேலை கொடுத்த பேரரசர் மூன்றாம் நெப்போலியன் பதவியிழந்தார். 1873-ல் பழைய ஓபரா அரங்கம் எரிந்ததும், புதுசை முடிக்கச் சொல்லி அவசரப்படுத்தினார்கள்.

1875 ஜனவரி 5 அன்று திறப்பு விழா. அதைப் பார்க்க, கட்டியவரே காசு கொடுத்து இடம் வாங்க வேண்டியதாச்சு!

கார்னியே 1898-ல் இறந்தார். அந்தத் தொட்டி இன்னும் இருக்கு. பாரிஸ் தீயணைப்பு வீரர்கள் அதில் நீச்சல் பயிற்சி எடுக்கிறார்கள்.