பாணனாய் வாழ்ந்த பண்ணையடிமை: தராஸ் ஷெவ்சென்கோ

உக்ரேன் என்ற பெயர் மலேசியர்களாகிய நம் இல்லங்களுக்குள் கண்ணீரோடு நுழைந்தது 2014ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் நோக்கி வந்த எம்எச்17 விமானம் கிழக்கு உக்ரேனின் வான்வெளியில் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு 298 உயிர்கள் பறிபோயின. அவர்களுள் 43 பேர் நம் நாட்டவர். பின்னர் 2022 பிப்ரவரி 24ஆம் நாள் ரஷ்யப் படைகள் முழு அளவில் அந்நாட்டுக்குள் புகுந்தபோது, வளாகத்தில் தம்பி தங்கையர் பலர் கேட்டது ஒரே கேள்விதான். முகமும் ஒன்று, சமயமும் ஒன்று, மொழியும் ஏறத்தாழ ஒன்று. பிறகு ஏன் இந்தச் சண்டை?

நேட்டோ, எல்லை, எரிவாயு எனக் காரணங்கள் பல பேசப்படுகின்றன. அவற்றை அரசியல் பயிலும் நண்பர்களிடம் விட்டுவிடலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஏறத்தாழ ஒன்றுதானே என்ற எண்ணம் இருக்கிறதே, அதுதான் போரின் வேர்களில் ஒன்று. ரஷ்யரும் உக்ரேனியரும் ஒரே மக்கள் என்று ரஷ்ய அதிபர் புதின் 2021 ஜூலையில் நீண்ட கட்டுரையே எழுதினார். இந்த வாதம் புதியதன்று. ஒரு கவிஞரின் வாழ்க்கையை அது 170 ஆண்டுகளுக்கு முன்பே நொறுக்கிப் பார்த்தது.

தராஸ் ஷெவ்சென்கோ 1814 மார்ச் 9ஆம் நாள் கீவ் நகருக்குத் தெற்கே மோரின்ட்சி எனும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் பண்ணையடிமைகள். நிலத்தோடு சேர்த்து மனிதரையும் விற்கவும் வாங்கவும் முடிந்த காலம் அது. ஒன்பது வயதில் தாயை இழந்தார். பதினொன்றில் தந்தையும் மறைந்தார். எழுத்தறிவித்த தேவாலய ஊழியர் குடிப்பழக்கமும் பிரம்பும் கொண்டவர். கரித்துண்டோ பென்சிலோ கையில் கிடைத்தால் பையன் படம் வரையத் தொடங்கிவிடுவான்.

பண்ணை உரிமையாளரான எங்கெல்ஹார்ட் அவனைத் தம் வீட்டு ஏவலாளாக்கி வில்னியஸ் நகருக்கு அழைத்துச் சென்றார். ஓரிரவு எசமானர் விருந்துக்குச் சென்றிருந்த வேளையில், மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு ஒரு படத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தான். திரும்பி வந்தவர் பார்த்துவிட்டார். காதைத் திருகி அறைந்ததோடு மறுநாள் கசையடியும் கொடுக்கச் செய்தார். எனினும் வீட்டில் சொந்த ஓவியன் ஒருவன் இருப்பது பெருமை என்று கருதியோ என்னவோ, பின்னர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஓவியத் தொழில் பயில அவரே அனுப்பி வைத்தார்.

அங்கேதான் வாழ்க்கை திரும்பியது. கோடைப் பூங்காவின் சிலைகளை வரைந்துகொண்டிருந்த இளைஞரைத் தம் நாட்டவரான ஓவியர் சோஷென்கோ கண்டுகொண்டு கலைஞர்களிடம் அறிமுகப்படுத்தினார். புகழ்பெற்ற ஓவியர் பிரியுல்லோவ், கவிஞர் ழுக்கோவ்ஸ்கியின் உருவப்படத்தைத் தீட்டிக் கொடுத்தார். அப்படம் குலுக்கலில் விடப்பட்டு, திரட்டிய 2,500 ரூபிள் எசமானரிடம் செலுத்தப்பட்டது. 1838இல், இருபத்து நான்காம் வயதில், ஷெவ்சென்கோ தம் உடலுக்குத் தாமே உரியவரானார். அவரை மீட்ட பிரியுல்லோவும் ழுக்கோவ்ஸ்கியும் ரஷ்யக் கலையுலகின் தலைமக்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஊரில் உடன்பிறந்தோர் அடிமைகளாகவே இருந்தனர்.

கலைக்கழகத்தில் ஓவியம் பயின்றுகொண்டே 1840இல் கோப்ஸார் எனும் முதல் கவிதை நூலை வெளியிட்டார். எட்டே கவிதைகள். கோப்ஸா என்ற நரம்பிசைக் கருவியை மீட்டி ஊர் ஊராய்ப் பாடிச் செல்பவர் கோப்ஸார். நம் சங்ககாலப் பாணரை நினைத்துக்கொண்டால் போதும். நூல் உக்ரேனிய மொழியில் இருந்ததுதான் சிக்கல். அது குடியானவர் பேசும் கொச்சை, அதில் இலக்கியம் எதற்கு என்று தலைநகரத் திறனாய்வாளர் சிலர் எள்ளினர். ரஷ்ய மொழியில் எழுதியிருந்தால் எளிதில் பெயர் பெற்றிருக்கலாம். அவருக்கு அம்மொழி நன்றாகவே தெரியும். பிற்காலத்தில் கதைகளையும் நாட்குறிப்பையும் அதில்தான் எழுதினார். கவிதைக்கோ பெரும்பாலும் தாய்மொழியையே வைத்துக்கொண்டார்.

1840களில் தாயகம் சென்றவர் அடிமை முறையின் கொடுமையை மீண்டும் கண்ணாரக் கண்டார். கவிதைகள் கூர்மையாயின. பேரரசர் முதலாம் நிக்கலாசையும் அரசியையும் நையாண்டி செய்தார். காக்கசஸ் மலைமக்கள்மீது பேரரசு தொடுத்த போரைக் கண்டித்துப் பாடினார். கீவ் பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பிக்கும் பணி கிடைத்தது. அதைத் தொடங்கும் முன்பே, 1847 ஏப்ரலில், கைது செய்யப்பட்டார். அடிமை ஒழிப்பையும் ஸ்லாவிய மக்களின் சமத்துவத்தையும் விரும்பிய ஓர் அறிவாளர் கழகத்தோடு தொடர்பு என்பது குற்றச்சாட்டு. உண்மையில் அவரைச் சிக்கவைத்தது அவரிடம் கிடைத்த கையெழுத்துக் கவிதைகள்தாம். அக்கழகத்தோடு தொடர்புபடுத்தப்பட்டவர்களுள் மிகக் கடுமையான தண்டனை அவருக்கே: ஓரன்பர்க் எல்லைப் படையில் கடைநிலைச் சிப்பாய். எழுதவும் வரையவும் கூடாது என்ற தடையைப் பேரரசரே தம் கைப்படச் சேர்த்தார்.

ஓவியனுக்கும் கவிஞனுக்கும் இதைவிட நுட்பமான தண்டனையை எண்ணிப் பார்க்க இயலுமா? அவரோ சிறு ஏடுகளைத் தைத்து, நுண்ணெழுத்தில் கவிதை எழுதி, காலணிக்குள் மறைத்து வைத்தார். 1848-49இல் ஆரல் கடலை ஆய்ந்த புத்தாக்கோவ் என்ற ரஷ்ய அதிகாரி, தடையைப் பொருட்படுத்தாமல் கடற்கரைக் காட்சிகளை வரையும் பொறுப்பை அவருக்குக் கொடுத்தார். 1850இல் யாரோ காட்டிக்கொடுக்க மீண்டும் கைது. காஸ்பியன் கரையின் பாலை நிலக் கோட்டையில் ஏழாண்டுகள். கசாக்ஸ்தானிலுள்ள அவ்வூருக்கு இன்று ஷெவ்சென்கோ கோட்டை என்றே பெயர்.

1857இல் விடுதலையானபோது உடல் தளர்ந்திருந்தது. பீட்டர்ஸ்பர்க் திரும்பிச் செதுக்கோவியத்தில் புகழ் பெற்றார். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளில் ஏழைகள் படிக்க உக்ரேனிய அரிச்சுவடி ஒன்றைத் தொகுத்துத் தம் செலவில் 10,000 படிகள் அச்சிட்டார். அதுவே அவரது கடைசி நூல். 1861 மார்ச் 10ஆம் நாள், நாற்பத்தேழு வயது நிறைந்த மறுநாள், மறைந்தார். அடிமை ஒழிப்பு ஆணை கையெழுத்தாகியிருந்தது. மக்களுக்கு அறிவிக்கப்பட்டதோ ஒரு வாரம் கழித்து. சில வாரங்களில் நண்பர்கள் உடலைத் தாயகம் கொண்டு சென்று, தினிப்ரோ ஆற்றங்கரையில் கானிவ் குன்றின்மேல் அடக்கம் செய்தனர்.

இரண்டே ஆண்டுகளில், 1863இல், உக்ரேனிய மொழியில் பாடநூலும் சமய நூலும் அச்சிடலாகாது என்று ஆணை வந்தது. அப்படியொரு தனிமொழி இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை என்பது அதன் சாரம். 1876இல் தடை மேலும் இறுகியது. 1914இல் கவிஞரின் நூற்றாண்டு விழாவுக்கும் தடை. கீவ் தெருக்களில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள்.

அவர் பாடம் நடத்த முடியாமற்போன அப்பல்கலைக்கழகம் 1939 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எதிரேயுள்ள பூங்காவில் முன்பு முதலாம் நிக்கலாசின் சிலை இருந்தது. அந்த இடத்தில் இப்போது ஷெவ்சென்கோ நிற்கிறார். 2022 அக்டோபர் 10ஆம் நாள் காலை ரஷ்ய ஏவுகணைகள் அப்பூங்காவிலும் அருகிலுள்ள சாலைச் சந்திப்பிலும் விழுந்தன. சிறுவர் விளையாட்டுத் திடலில் பெரும்பள்ளம் விழுந்தது, பல்கலைக்கழகச் சன்னல்கள் சிதறின. சிலை விழவில்லை.